வரவேற்பறையில் தாமரை வளராது

புதிய அலுவலகக் கட்டடத்தில் ஒரு நீர்த்தொட்டி கட்டலாம் என்று முடிவானதும் செடிகளைப் பற்றிய பேச்சில் முதலில் வரும் பெயர் தாமரை. அடுத்தது அல்லி. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரும் செடியும் சேர்ந்த காட்சி என்றால் நமக்குக் கோயில் குளமும் ஊர் ஏரியும்தான் கண்முன் வரும். ஆனால் அந்தக் குளத்துச் செடிகள் திறந்த வானத்தின் கீழ் உச்சிவெயிலைக் குடித்து வளர்பவை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களின் தரைத்தளத்தில், குளிரூட்டிய காற்றில், கூரை விளக்கின் கீழே அவை பூப்பது இருக்கட்டும், இலை விடுவதே பெரும்பாடு. நட்ட முதல் மாதம் கிழங்கில் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டு தளதளப்பாக நிற்கும். பிறகு ஒவ்வோர் இலையாகச் சிறுத்து, மஞ்சளாகி, அழுகும்.

இதில் கணக்கு எளிது. வெயில் நாளின் நண்பகலில் வெட்டவெளியில் விழும் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அலுவலக மேசைமேல் படிப்பதற்கும் எழுதுவதற்கும் 300 முதல் 500 லக்ஸ் போதும் என்று வைத்துத்தான் விளக்குகளை அமைக்கிறார்கள். வரவேற்பறையில் அது 100, 200 என்று இறங்கிவிடும். முகப்புக் கண்ணாடி வழியாகப் பகலொளி வருமே என்றால், வெப்பத்தைத் தடுக்கவென்று போடும் நிறக்கண்ணாடிகள் பலவும் பாதி ஒளியைக்கூட உள்ளே விடுவதில்லை. கண்ணாடியை விட்டுச் சில மீட்டர் உள்ளே தள்ளினால் மீதமிருப்பதிலும் பெரும்பகுதி போய்விடும். இதை நம் கண் சொல்லாது. அது எந்த வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ‘நல்ல வெளிச்சமான இடம் சார்’ என்று சொல்வதை நம்பாமல் ஒரு லக்ஸ் மீட்டரைத் தண்ணீர் மட்டத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். செல்பேசியில் இருக்கும் செயலிகூடப் போதும். தாமரைக்கும் அல்லிக்கும் நாளுக்குக் குறைந்தது 5, 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். மீட்டர் 300 காட்டும் இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தாமரைக்கு இன்னொரு தடை எடை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் 100 கிலோ. தாமரைக்கு ஒரு முழம் ஆழமாவது சேறும் தண்ணீரும் தேவை. சேறு தண்ணீரைவிடக் கனம். அலுவலகத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 400 கிலோ வரை தாங்கும்படி வடிவமைக்கப்படுவதுதான் இந்தியத் தர விதிகளின்படி வழக்கம். தரைத்தளத்தில் மண்ணின் மேல் கட்டினால் கவலையில்லை. அடியில் வாகன நிறுத்தம் இருந்தாலோ, தொட்டி ஆறாவது மாடியில் வந்தாலோ ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போகும் முன் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டே ஆக வேண்டும். எந்தச் செடி என்ற கேள்வி பல நேரம் அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது.

வெயில் விரும்பும் நீர்ச்செடியைக் கூரைக்குக் கீழே பூக்கவைக்க முடியாது என்றில்லை. அதற்கென்று ஒரு கட்டடமே எழுப்ப வேண்டும். 1849இல் இங்கிலாந்தில் ஒரு டியூக்குக்குச் சொந்தமான சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில், அதன் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் அமேசான் ராட்சத அல்லியான விக்டோரியாவைப் பூக்கவைத்தார். அதற்காகச் சூடேற்றிய தொட்டி, தண்ணீரை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கச் சிறு சக்கரங்கள், தலைக்குமேல் கண்ணாடி என்று எல்லாம் அமைத்தார். பிறகு அந்தச் செடிக்கென்றே தனிக் கண்ணாடி வீடும் எழுந்தது. அந்த அனுபவம்தான் 1851இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகை வரை அவரைக் கொண்டுபோனது. ஒரு டியூக்கின் கஜானா பின்னால் இருந்தால் நீங்களும் முயலலாம்.

அலுவலகத்தின் உட்புறத்தை இயற்கையில் எதோடு ஒப்பிடலாம்? குளத்தோடு அல்ல. மங்கலான வெளிச்சம், ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாத வெப்பநிலை, வெயிலும் பெருங்காற்றும் நேராக வராத நிழல்: இவையெல்லாம் மழைக்காட்டின் அடித்தட்டில், மரங்கள் மூடிய சிற்றோடைக் கரையில் இருப்பவை. காற்றின் ஈரம் மட்டும் குறைகிறது. உள்ளரங்க நீர்த்தொட்டிக்கான செடிகளைக் காட்டோடைகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் வாதம். பல காலமாக நர்சரிக்காரர்கள் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டதும் இதுதான். அவர்களிடம் உள்ளே வைக்க எதைக் கேட்டாலும் கடைசியில் சேம்புக் குடும்பத்துச் செடி ஒன்றைத்தான் எடுத்துத் தருவார்கள்.

செடியின் பிறந்த நிலத்தைப் பார்க்காமல் நட்டதற்கு நவீனக் கட்டடக் கலையின் புகழ்பெற்ற உள்முற்றம் ஒன்றே சாட்சி. நியூயார்க்கில் 1967இல் திறக்கப்பட்ட ஃபோர்டு அறக்கட்டளைத் தலைமையகத்தை கெவின் ரோச்சும் ஜான் டிங்கெலூவும் வடிவமைத்தார்கள். 12 மாடி உயரக் கண்ணாடிக் கூடத்துக்குள் படிப்படியாக இறங்கும் தோட்டத்தையும், அதன் அடியில் அசையாத நீர்த்தடாகத்தையும் அமைத்தவர் டான் கைலி. மக்னோலியா போல வெளித்தோட்டத்தில் வளரும் மரங்களை அவர் நட்டார். குளிர்காலம் வராத, வெயில் போதாத அறையில் அவற்றில் பல தேறவில்லை; காலப்போக்கில் அந்த இடங்களை வெப்பநாட்டுச் செடிகள் பிடித்தன. 2018இல் புதுப்பித்துத் திறந்தபோது தோட்டம் முழுவதும் அந்த வழிக்கே வந்துவிட்டது. முதல் நடவுக் கணக்கில் ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும்: தரைமூடிச் செடிகள் ஏறத்தாழ 22,000, தடாகத்தில் இருந்த நீர்ச்செடிகளோ வெறும் 18. தண்ணீருக்குள் குறைவாகவும் தண்ணீரைச் சுற்றி நிறையவும் நட வேண்டும் என்ற அந்த விகிதத்தில் கைலி தவறவில்லை.

செடியை விட்டுவிட்டுக் கட்டடத்தை மாற்றும் வழியும் உண்டு. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஒரு மருத்துவருக்கு வீடாக வடிவமைத்து, பிறகு தன் அலுவலகமாக்கிக்கொண்ட கட்டடத்தில் முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றின் நடுவே வானம் பார்த்த குளம். இப்போது அந்தக் கட்டடம் ஒரு கஃபே. மேலே கூரை இல்லாத அந்த மாதிரி முற்றத்தில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறதோ அதற்கேற்ப அல்லியைக்கூட நினைத்துப் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளில் வளவு எனப்படும் நடுமுற்றத்துக்கும் இது பொருந்தும். குளிரூட்டும் செலவுக்குப் பயந்து இன்றைய அலுவலகங்கள் முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிடுகின்றன. மூடிய அன்றே அல்லியின் கதை முடிந்தது.

வெளிச்சத்துக்கு அடுத்து தண்ணீர். பலரும் கவனிக்காத முரண் இங்கேதான் இருக்கிறது. மேலெழும்பித் தெறித்து விழும் நீரூற்றுக்குக் கிருமி நீக்கிய தண்ணீர் வேண்டும். வேர் விட்டு வளரும் செடிக்கு உயிருள்ள தண்ணீர் வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஏதாவது ஒன்று கெடும்.

கிருமி நீக்கம் ஏன்? லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா சுமார் 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தண்ணீரில் பெருகும். சென்னையில் குழாயைத் திறந்தாலே அந்த வெப்பநிலைதான். அதைக் குடிப்பதைவிட, நுண்துளிகளாக மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. கடுமையான நிமோனியா வரும். 1992இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் ஒரு ஓட்டல் முகப்பறையின் அலங்கார நீரூற்றிலிருந்து இந்த நோய் பரவியது. 2010இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மருத்துவமனை வரவேற்பறையின் நீர்ச்சுவரால் 8 பேர் பாதிக்கப்பட்டார்கள். தண்ணீருக்குள் பதிக்கும் விளக்குகள் அதை மேலும் சூடாக்குகின்றன. பாசி பிடிக்கவும் உதவுகின்றன. அதனால் தெறிக்கும் நீரூற்றில் குளோரினோ புரோமினோ சேர்ப்பார்கள், பாசி வந்தால் தாமிரக் கலவை ஊற்றுவார்கள். அந்த அளவுகளை மீன் தாங்காது. மென்மையான நீர்ச்செடிகளும் தாங்காது.

ஆகவே முதல் தீர்மானம் எந்தச் செடி என்பதாக இருக்கக் கூடாது, எந்தத் தண்ணீர் என்பதாகவே இருக்க வேண்டும். சத்தத்துக்காகவும் ஜாலத்துக்காகவும் உயரத்திலிருந்து தண்ணீர் விழ வேண்டுமென்றால் அந்தத் தண்ணீரில் செடியே வேண்டாம். செடிகளைத் தனித் தொட்டிகளில், வேர் தனியாக, நீரூற்றின் விளிம்பை ஒட்டி வையுங்கள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். செடிதான் முக்கியமென்றால் தண்ணீரை அடக்குங்கள். கல்லின் மேல் மெல்லிய ஏடாக வழியட்டும், அல்லது மேற்பரப்பு லேசாகச் சுழலும் அளவுக்குச் சிறு பம்ப் ஓடட்டும். துளி பறக்கக் கூடாது. நான் இரண்டாவதன் பக்கம். வாடிக்கையாளர் காத்திருக்கும் அறையில் நாள் முழுவதும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்பதில் சுகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தொலைபேசி எடுக்கும் வரவேற்பாளரைக் கேட்டால் இன்னும் வெளிப்படையாகச் சொல்வார்.

அடக்கிய தண்ணீரிலும் ஓர் ஆபத்து உண்டு, கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான, தேங்கிய, கொஞ்சமான தண்ணீரையே தேடும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பம்பை நிறுத்திவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அலுவலகத்தில் கொசு வரவேற்கும். அதன் முட்டை தண்ணீரில் மிதக்காமல் ஈரமான சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, விளிம்பைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். நீரில் நிற்கும் தொட்டிச் செடிகள் எவ்வளவு தூரம் கொசுவைக் கொண்டுபோகும் என்பதற்கு 2001இல் கலிஃபோர்னியாவில் நடந்ததே உதாரணம். ஆசியப் புலிக்கொசு அந்த மாநிலத்துக்குள் வந்தது சீனாவிலிருந்து தண்ணீரோடு அனுப்பிய லக்கி பேம்பூ சரக்கில்தான். நம் வரவேற்பு மேசைகளில் சிவப்பு நாடா கட்டி நிற்கும் அதே செடி. அது மூங்கிலும் அல்ல, சீனச் செடியும் அல்ல. மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிரசீனா.

தொட்டியில் நாலு கப்பி மீன் விட்டால் புழுக்களை அவை பார்த்துக்கொள்ளும். மீன் வேண்டாமென்றால் பிடிஐ எனப்படும் பாக்டீரியாத் தூள் இருக்கிறது. கொசுப்புழுவைக் கொல்லும், செடியைத் தொடாது. புரோமீலியாட் வகைகளை மட்டும் இந்த இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அழகுதான், குறைந்த வெளிச்சத்தையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் அவற்றின் இலைக் குவளைகளில் தங்கும் தண்ணீரை மீன் எட்டாது. துப்புரவுப் பணியாளரின் துணியும் எட்டாது.

சென்னைக்கே உரிய தொல்லை உப்பு. கடலோரப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்புகளின் அளவு (டிடிஎஸ்) லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டுவது அரிதல்ல. குளிரூட்டிய வறண்ட காற்றில் தொட்டித் தண்ணீர் நாள்தோறும் ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்குகிறது. குறைந்ததை அதே தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் சில மாதத்தில் கருங்கல் வெள்ளை பூத்துவிடும். இலை நுனிகள் கருகும். நுனி கருகியதைப் பார்த்து உரம் போதவில்லை என்று உரம் ஊற்றுபவர்களும் உண்டு. அது எரிகிற தீயில் எண்ணெய். ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ கலந்து நிரப்புவதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீரை வெளியேற்றுவதும்தான் மருந்து. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை. பல அலுவலகங்கள் அதைச் சாக்கடையில் விடுகின்றன. குழாய்ச் சுருளிலிருந்து கொஞ்சம் தாமிரம் கலந்திருக்கலாம் என்பதால் அதை மட்டுமே ஊற்றாமல் கலந்து பயன்படுத்தலாம். ஃபோர்டு அறக்கட்டளைத் தோட்டத்துக்கே கூரை மழைநீரும் நீராவிக் குழாய்களில் குளிர்ந்த நீரும்தான் பாய்ந்தன.

வெளிச்சத்தையும் தண்ணீரையும் முடித்துக்கொண்டு செடிக்கு வந்தால் முதலில் நிற்பது மணி பிளான்ட். அலட்சியமாகப் பார்க்கப்படும் செடி, பழைய பாட்டிலில் வளர்ந்தே பெயர் கெட்டது. ஆனால் பசிபிக்கில் மோரேயா தீவுக் காட்டில் பிறந்த இந்தக் கொடிக்கு மங்கல் வெளிச்சமும் ஈரவேரும் இயல்பு. தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். ஏறுவதற்கு ஈரமான கம்போ பலகையோ கொடுத்தால் பெருத்துக்கொண்டே வரும். நீர்ச்சுவரின் பக்கத்தில் ஏறவிட்டு, அதன் வேரைத் தண்ணீரில் விட்டால் நைட்ரேட்டை உறிஞ்சிப் பாசிக்கு உணவில்லாமல் செய்யும். கண்காணிக்க வேண்டியது வேரின் ஓட்டத்தை. பம்பின் வாயைத் தேடிப் போய் அடைத்துவிடும்.

பீஸ் லில்லி இரண்டாவது. தென்னமெரிக்க மழைக்காட்டு ஓடைக்கரைச் செடி. கால் நனைந்து நிற்பது அதற்குப் பிறவிக்குணம். 300 லக்ஸில் இலை நன்றாக இருக்கும், வெள்ளைப் பூ அபூர்வமாகத்தான் வரும். நர்சரியில் பூத்துக் குலுங்கும் நிலையில் வாங்கிய செடி அடுத்த வருடம் பூக்கவில்லை என்று கோபப்படுவதில் நியாயமில்லை, நர்சரியில் வெளிச்சம் அதிகம், சில இடங்களில் பூக்கவைக்க மருந்தும் தெளிப்பார்கள். அக்லோனிமாவில் பச்சை, சாம்பல் கோடு போட்ட வகைகளை எடுங்கள். சிவப்பும் இளஞ்சிவப்பும் படர்ந்த புதிய ரகங்களில் பச்சையம் குறைவு, வெளிச்சம் போதாமல் வெளிறிவிடும். சிங்கோனியம் தேறும், ஆனால் அடிக்கடி கிள்ளிவிட வேண்டும். அலோகேசியாவின் அம்புத் தலை இலை படத்தில் அள்ளும்; ஏசியின் வறட்சியில் செஞ்சிலந்தி பிடித்து ஒரு பருவத்தில் ஓய்ந்துவிடும். டைஃபென்பேக்கியாவைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சேம்புக் குடும்பம் முழுவதிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. டைஃபென்பேக்கியாவின் சாறு வாயில் பட்டால் நாக்கு வீங்கிவிடும். குழந்தைகள் வரும் வங்கிக் கிளைக்கும் மருத்துவமனைக்கும் இது பொருட்படுத்த வேண்டிய விஷயம்.

இந்தச் செடிகளைத் தண்ணீரில் வைக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மண்ணில் வளர்ந்த வேர் வேறு, தண்ணீரில் வளரும் வேர் வேறு. தொட்டிச் செடியை மண்ணைக் கழுவி அப்படியே தண்ணீரில் இறக்கினால் பழைய வேர்களில் பெரும்பகுதி அழுகும், நாற்றமும் வரும். இளம் தண்டை வெட்டி ஆரம்பத்திலிருந்தே தண்ணீரில் வேர்விடச் செய்வது நல்லது. வலைத்தொட்டியில் சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்பி, செடியின் கழுத்து தண்ணீருக்கு மேலேயும் வேர்நுனி மட்டும் தண்ணீரிலும் இருக்கும்படி விளிம்பில் பொருத்தினால் வேருக்குக் காற்றும் கிடைக்கும். மண் தண்ணீரில் கரையாது, பம்பும் பிழைக்கும்.

தண்ணீருக்குள் மூழ்கி வளர வேண்டுமென்றால் மீன்தொட்டிக்காரர்களிடம் கேளுங்கள், நர்சரியில் அல்ல. மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளின் அனுபியாஸ், தென்கிழக்காசியாவின் ஜாவா ஃபெர்ன் இரண்டும் மிகக் குறைந்த வெளிச்சத்தில் பொறுமையாக வாழும். இரண்டையும் மணலில் புதைக்கக் கூடாது. கிழங்குத் தண்டு மூடினால் அழுகும். கல்லிலோ மரவேரிலோ நூலால் கட்டிவிட வேண்டும். அனுபியாஸ் அவ்வளவு மெதுவாக வளர்வதால் அதன் தடித்த இலையில் பாசிப் புள்ளி உட்காரும்; அதை விளக்குக்கு நேர்கீழே வைக்காமல் ஓரத்து நிழலில் வைத்தால் தப்பும். ஜாவா ஃபெர்ன் முதிர்ந்த இலையின் விளிம்பிலேயே குட்டிச் செடிகளை ஈனும், ஒருமுறை வாங்கினால் போதும்.

கண்ணாடியை ஒட்டி, காலை வெயில் இரண்டு மணி நேரமாவது விழும் இடம் கிடைத்தால் தேர்வு விரியும். வாஸ்து பார்ப்பவர்கள் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், தண்ணீர் வைக்கச் சொல்வார்கள். அந்த மூலையில் ஜன்னல் இருந்தால் செடிக்கும் அது நல்ல இடம். அங்கே அம்பரெல்லா பாம் என்று விற்கும் கோரை நிற்கும். பெயரில் பனை இருந்தாலும் அது சாதாரணக் கோரைதான். குடைபோன்ற தலையை வெட்டித் தண்ணீரில் குப்புற மிதக்கவிட்டால் நடுவிலிருந்து புதுச்செடி முளைக்கும். வசம்பும் அங்கே வரும். ஃபெர்ன் வகைகளுக்கு வெளிச்சத்தைவிட ஏசியின் நேர்க்காற்றுதான் எமன், அதன் வாய்க்கு எதிரே அடியாண்டம் ஒரு வாரம் தாங்காது.

உள்ளே இருட்டென்றால் விளக்குப் போடலாம். செடிக்கு மேலே தொங்கும் நல்ல எல்இடி, டைமரோடு, நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். இரவெல்லாம் எரியவிட்டால் செடியைவிடப் பாசிக்கே கொண்டாட்டம். வாங்கிய செடியைப் பழக்கியும் கொண்டுவர வேண்டும். புளோரிடாவின் அபோப்கா ஆய்வு மையத்தில் கோனோவரும் பூலும் 1970களில் செய்த சோதனைகள் இதை உறுதிசெய்தன: முழுவெயிலில் வளர்ந்த செடியை உள்ளே கொண்டுவந்தால் இலைகளைக் கொட்டும், சில வாரமோ மாதமோ நிழலில் பழக்கியது தாங்கும். சென்னைக்கு வரும் செடிகளில் ஏராளமானவை ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியேறுகின்றன. அங்கே நிழல்வலைக்குக் கீழே நின்றதா, வெளியே நின்றதா என்று கேட்பது அதன் நிறத்தைக் கேட்பதைவிட முக்கியம்.

செடி விற்பவர்கள் சொல்லும் காற்றுச் சுத்திகரிப்புக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் வேர் 1989இல் நாசாவுக்காக வோல்வர்ட்டன் செய்த ஆய்வில் இருக்கிறது. அவர் சோதித்தது மூடி அடைத்த சிறு பெட்டிகளில். டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸும் வாரிங்கும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கணக்குப் போட்டார்கள்: கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். உட்கார இடமிருக்காது. செடிகள் இருக்கும் அலுவலகத்தில் வேலைத்திறன் 15 சதவீதம் கூடியதாக 2014இல் நியூவென்ஹுயிஸ் குழு பிரிட்டன், நெதர்லாந்து அலுவலகங்களை வைத்து எழுதியது ஓரளவு நம்பத் தகுந்த ஆய்வு; அதற்கு மேசைப் பக்கத்தில் ஒரு பச்சை தெரிந்தாலே போதும், நீரூற்று தேவையில்லை. நீர்த்தொட்டியைப் பார்க்க நன்றாயிருக்கிறது என்பதற்காகக் கட்டுவதே நேர்மை.

பராமரிப்பை யார் செய்வது என்பது கடைசியில் பேசப்பட்டு முதலில் சிக்கலாகும் விஷயம். பெரும்பாலான அலுவலகங்களில் செடி வாடகைக்கு வருகிறது; வாடியதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் போவார்கள். மண்தொட்டிக்கு இது சரி. தண்ணீரில் வேரூன்றிய செடிக்கு இப்படி அடிக்கடி மாற்றுவது ஒத்துவராது. ஆகவே ஒப்பந்தத்தில் செடிக்கு ஒருவர், பம்புக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர் என்று பிரிக்காமல் மூன்றையும் ஒரே கையில் கொடுப்பது உத்தமம். இல்லாவிட்டால் ஒருவர் வளர்த்த செடியை இன்னொருவர் ஊற்றும் பிளீச்சிங் பவுடர் கொன்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஏசி நின்றாலும் பம்ப் ஓட வேண்டும். அதன் இணைப்பில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி இருக்க வேண்டும்.

மிதக்கும் செடிகளை நான் இதுவரை சொல்லவில்லை. ஆகாயத்தாமரையும் குளிர்தாமரையும் மலிவு, பார்க்கவும் அழகு. வெளிச்சம் குறைந்த தொட்டியில் அவை நோஞ்சானாகும், அப்போது யாரோ அள்ளி மழைநீர்க் கால்வாயில் போடுவார்கள். அந்தக் கால்வாய் ஏதோ ஓர் ஏரிக்குத்தான் போகிறது. அங்கே வெயில் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் நம் ஏரிகளும் இந்தச் செடிகளால் பட்டது போதும்.

தொட்டிச் செடி நீர்நிலைக்குத் தப்பும் இந்த ஆபத்து இரு திசையிலும் உண்டு; நம் பக்கத்துச் செடிகளும் வெளிநாட்டில் அப்படிப் பெருகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலோடைகளிலும் இலங்கையின் ஈரக்காடுகளிலும் வாழும் லாஜனாண்ட்ரா, கிரிப்டோகோரைன் இனங்கள்தான் அலுவலகத் தொட்டிக்கு இந்த நிலத்திலேயே கிடைக்கும் மிகப் பொருத்தமான செடிகள். சேம்புக் குடும்பம், மங்கல் வெளிச்சம், ஈரமோ மூழ்கலோ எதுவும் சரி. உலக மீன்தொட்டிச் சந்தையில் லாஜனாண்ட்ராவில் சிவப்பிலை மீபோல்டியும் வெள்ளிக்கரை போட்ட த்வைட்டீசியும், கிரிப்டோகோரைனில் இலங்கைக்கே உரிய வெண்ட்டியும் பெயர்போனவை. நம் நர்சரிகளில் இவற்றைப் பார்ப்பது அரிது. கிரிப்டோகோரைன் பெக்கெட்டியை யாரோ அமெரிக்காவில் தொட்டியிலிருந்து கொட்ட, அது டெக்ஸஸின் சான் மார்கோஸ் ஆற்றில் பரவிப் பெருந்தொல்லையாயிற்று. பிறந்த இலங்கையிலோ அது தேடிப் பார்க்க வேண்டிய செடி. வாங்குகிறவர் கேட்க வேண்டியது, இது ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் வந்ததா, ஓடையிலிருந்து பிடுங்கியதா என்பதை. திசு வளர்ப்புச் செடி ஜெல் நிரம்பிய சிறு குவளையில் வரும், நத்தையோ பாசியோ கூட வராது, விலை கொஞ்சம் கூடுதல். நட்ட சில நாளில் கிரிப்டோகோரைன் எல்லா இலையையும் உதிர்த்துக் கரைந்துபோனது போல் தோன்றும். பிடுங்கி எறியாமல் விட்டால் வேரிலிருந்து மீண்டும் கிளம்பும். தொட்டியைக் கலைக்கும் நாளில் எல்லாச் செடிகளையும் மொட்டை மாடியில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, பிறகே மக்கும் குப்பையில் சேர்க்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.